தூண் பிளக்கும் என்று தெரிந்தும் விழித்திருப்பது: அரண்மனை படங்கள் நான்கும்

2024ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி, கத்திரி வெயில் தொடங்கிய நாளில், கும்பகோணத்தில் ஒரு திரையரங்கின் இரவுக் காட்சிக்கு என் பெரியம்மாவையும் அவருடைய பேத்தியையும் அழைத்துச் சென்றேன். அரண்மனை என்ற பேய்ப்பட வரிசையின் நான்காம் பாகம் அதற்கு முந்தைய நாள்தான் வெளியாகியிருந்தது. பெரியம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. முதல் மூன்று பாகங்களையும் திரையரங்கிலேயே பார்த்தவர். திரையில் வெளிச்சம் குறைந்து, பின்னணி இசையும் அடங்கிய ஓர் இடத்தில் அவர் என் பக்கம் சாய்ந்து, "இப்பக் கதவு தானா சாத்திக்கும் பாரு தம்பி" என்றார். அடுத்த நொடி அரங்கே அதிரும்படி ஒரு சத்தம் எழுந்தது. முன்கூட்டிச் சொன்ன அவரே தூக்கிவாரிப்போட்டு என் முழங்கையை இறுகப் பற்றினார். அவருடைய கண்ணாடி வளையல் பதிந்த தடம் இடைவேளை விளக்கு எரிந்தபோதும் என் கையில் சிவப்பாக இருந்தது.

வரப்போவது என்னவென்று தெரிந்த ஒருவர் எதற்காகத் திடுக்கிட வேண்டும், திடுக்கிட்ட பின் எதற்காக அவ்வளவு நிறைவோடு சிரிக்க வேண்டும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அதனால் கடந்த சில வாரங்களில் நான்கு பாகங்களையும் வரிசையாக மறுபடி பார்த்தேன். இதுநாள்வரை நண்பர்கள் கேட்டால், பெரியம்மாவுக்குத் துணையாகப் போனேன் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். நல்ல சினிமாவைப் பற்றிப் பேசுகிற இடங்களில் இந்தப் படங்களின் பெயரை எடுக்கவே கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்துக்கு நியாயம் இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்த மறுபார்வையின் நோக்கம்.

சுந்தர் சி. இயக்கிய முதல் பாகம் 2014 செப்டம்பரிலும், இரண்டாம் பாகம் 2016 ஜனவரியிலும், மூன்றாம் பாகம் 2021 அக்டோபரில் ஆயுத பூஜையன்றும் வெளிவந்தன. நான்குக்கும் பொதுவான கதை கிடையாது; ஒரு பாகத்தின் பேய்க்கும் அடுத்த பாகத்தின் பேய்க்கும் உறவு கிடையாது. தொடர்வது முறை மட்டுமே. ஒரு குடும்பம் பழைய மாளிகை ஒன்றில் வந்து சேரும். இரவில் யாரோ நடமாடுவார்கள். சமையல்கட்டைச் சுற்றியே திரியும் நகைச்சுவைக் கூட்டம் முதலில் பேயைப் பார்த்துவிட்டு யாரையும் நம்பவைக்க முடியாமல் திண்டாடும். உறவுக்காரராக வரும் சுந்தர் சி. மெல்ல விசாரிக்கத் தொடங்குவார். ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதி பின்கதையாக விரியும். குற்றவாளிகள் ஒவ்வொருவராகச் சாவார்கள். கடைசியில் கோயில், உடுக்கை, குங்குமம், அம்மன் பாட்டு. இதில் ஒரு படி குறைந்தாலும் பார்க்க வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். கூட்டத்தோடு உட்கார்ந்து நான்கு முறை பார்த்ததில் எனக்கு இது உறுதியாகத் தெரிந்தது.

எங்கள் ஊரிலிருந்து மெலட்டூர் அதிக தூரம் இல்லை. அங்கே ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடக்கிறது. மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரத்தை, பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்று, இரவு முழுக்க நடித்துக் காட்டுவார்கள். நரசிம்ம முகமூடி பூஜைக்கு உரியது; அதை அணிபவர் விரதமிருந்து அணிவார். தூண் பிளக்கும் என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கிடையாது. ஆனாலும் நள்ளிரவு தாண்டி, மடியில் உறங்கும் குழந்தையைத் தட்டி எழுப்பி, "சாமி வரப்போவுது, எந்திரி" என்று சொல்லும் பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். முகமூடி அணிந்தவர் ஆவேசம் கொண்டு முன்னே பாய, இரண்டு பக்கமும் ஆட்கள் அவரைப் பிடித்து நிறுத்த, முன்வரிசையில் இருப்பவர்கள் தம்மையறியாமல் பின்னுக்கு நகர்வார்கள். சென்ற ஆண்டும் அப்படித்தான் நகர்ந்திருப்பார்கள். அந்த நாடகத்தை யாரும் பழைய கதை என்று தள்ளுவதில்லை. இந்த ஆண்டு நரசிம்மர் எப்படி வந்தார், இரணியன் வேடக்காரர் எப்படிப் பாடினார் என்றுதான் காலையில் பேசிக்கொள்வார்கள். அரண்மனை படங்களையும் அந்த அளவுகோலால் அளப்பதே நியாயம் என்று நினைக்கிறேன். பக்தியோடு ஆடப்படும் ஒரு கலையை வணிகப் படத்துக்கு நிகராக வைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்ப்பவரின் மனம் இரண்டு இடத்திலும் எப்படிக் காத்திருக்கிறது என்பதையே சொல்கிறேன்.

அந்த அளவுகோலில் முதல் பாகம் நன்றாகவே நிற்கிறது. விற்பதற்காகத் திறக்கப்படும் பூர்வீக மாளிகை, பேய் புகுந்த பெண்ணாக ஆண்ட்ரியா, பேயாக ஹன்சிகா, நடுவில் சந்தானமும் கோவை சரளாவும் மனோபாலாவும் என்று எல்லாம் அளவோடு அமைந்தவை. ஆண்ட்ரியா அதிகம் கத்தவில்லை; சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே பார்வை மட்டும் ஓரிடத்தில் நிலைத்துவிடும். பயத்துக்கு அது போதுமானதாக இருந்தது. பங்காளிகள் கூடிப் பழைய வீட்டை விற்பது காவிரிக் கரைக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு நடக்கும் விஷயம் என்பதால், அந்தத் தொடக்கமே எங்கள் பக்கத்து ஆட்களை உள்ளே இழுத்துவிட்டது. ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். நான்கு பாகங்களிலும் வரும் மாளிகைகள் அகன்ற படிக்கட்டும் உயர்ந்த கூரையுமாகப் பிரம்மாண்டமாக இருக்கின்றன. எங்கள் ஊர்களின் பழைய வீட்டில் பயம் இருப்பது ரேழியைத் தாண்டிய இருட்டறையில், ஆள் உயரப் பத்தாயத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில். நெல் எடுக்கப் போன சிறுவயதில் அந்தச் சந்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடி வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அவ்வளவு ஒடுக்கமான ஓர் இடத்தை இந்த வரிசைப் படங்கள் இதுவரை பயன்படுத்தவே இல்லை.

இரண்டாம் பாகம், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த நேரத்தில் வந்தது. கையில் கொஞ்சம் பணம் புழங்கிய அந்த வாரத்தில் கிராமத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வந்திருந்தார்கள். கோயில் குடமுழுக்குக்காக அம்மனின் சக்தி மூலஸ்தானத்திலிருந்து இறக்கி வைக்கப்பட்டிருக்கும் இடைவெளியில் கெட்ட சக்தி தலைதூக்குவதாக அந்தப் படம் தொடங்கும். வேறு ஊர்களில் இது ஒரு திரைக்கதை வசதியாகத் தோன்றியிருக்கலாம். கோயிலுக்குப் பாலாலயம் ஆகியிருக்கும் காலத்தில் வீட்டில் நல்ல காரியம் பேசத் தயங்குகிறவர்கள் நிறைந்த அரங்கில் அது வேறுவிதமாக இறங்கியது. எனக்கு முன்வரிசையில் ஒரு முதியவர் தலையை மெதுவாக ஆட்டி ஆமோதித்தது நினைவிருக்கிறது. காதலித்த குற்றத்துக்காகச் சொந்தக் குடும்பத்தாலேயே கொல்லப்பட்ட பெண்ணின் பின்கதையும் வலுவானது. ஆனால் அந்தக் கொலையின் கனத்தைப் படம் முழுமையாகத் தாங்கவில்லை. பின்கதை முடிந்த சூட்டோடு சிரிப்புக்கு ஓடிவிடுகிறது. பேய் யாரைப் பழிவாங்குகிறது என்பதில் நமக்கு இருக்கவேண்டிய கோபம் பாதியில் ஆறிப்போகிறது. திரிஷாவும் சித்தார்த்தும் வந்து போகிறார்கள் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் பாகம் நான்கில் பலவீனமானது. காதலுக்கும் பாட்டுக்கும் இடம் கொடுத்துக் கொடுத்துப் பேயைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். ஆண்ட்ரியாவே இம்முறை பேயாக வந்தும், அவருக்குரிய காட்சிகள் போதவில்லை. ஆயினும் அந்தப் படத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. 2021 ஏப்ரலில் மறைந்த விவேக் அதில் நடித்திருந்தார். அவர் முதன்முதலாகத் திரையில் வந்தபோது அரங்கம் ஒரு கணம் அமைதியாக இருந்து, பிறகு கைதட்டியது. மற்றொன்றையும் சொல்ல வேண்டும். கொரோனா கட்டுப்பாட்டால் அப்போது திரையரங்குகளில் பாதி இருக்கைகளுக்குத்தான் அனுமதி. எனக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் ஓர் இருக்கை காலியாகக் கட்டப்பட்டிருந்தது. பயம் என்பது பக்கத்து ஆளின் உடம்பிலிருந்து நம் உடம்புக்குத் தாவுவது என்பதை அந்தக் காலி இருக்கைதான் எனக்குக் கற்றுத் தந்தது. படத்தின் குறை எவ்வளவு, அந்தக் காலி இருக்கைகளின் குறை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றும் என்னால் முடியவில்லை.

நான்காம் பாகத்துக்கு வருகிறேன். ரசிகர்கள் எதிர்பார்க்கும் முறையில் ஒன்றையும் கைவிடாமல், பேயை மட்டும் புதிதாகத் தேடிப் பிடித்ததே இதன் வெற்றி. அஸ்ஸாம் மக்களின் நம்பிக்கையில் 'பாக்' என்றொரு நீர்ப்பேய் உண்டு. குளத்திலும் ஆற்றிலும் குடியிருக்கும்; மீனுக்கு ஆசைப்படும்; ஆளைக் கொன்று அவருடைய உருவத்திலேயே குடும்பத்துக்குள் வந்து வாழும். பக்கத்தில் படுத்திருப்பவர் நம்மவர்தானா என்ற ஐயத்தைப் போல வீட்டுக்குள் நுழையும் பயம் வேறு எதுவும் இல்லை. உச்சிப்பொழுதில் குளத்துப் பக்கம் போகாதே, விளக்கு வைத்த பிறகு வாய்க்காலில் கால் கழுவாதே என்று அதட்டப்பட்டு வளர்ந்த எங்களுக்கு நீர்ப்பேயை அறிமுகப்படுத்த அதிக நேரம் தேவைப்படவில்லை. மே மாதத்தில் காவிரி வெறும் மணலாகக் கிடக்க, தண்ணீரிலிருந்து எழும் பேயைப் பார்த்துப் பயந்துவிட்டுப் பாலத்தின் வழியே வீடு திரும்பினோம். பெரியம்மாவின் பேத்தி அந்த வறண்ட ஆற்றைக்கூட எட்டிப் பார்க்க மறுத்துவிட்டாள்.

பேய் எங்கிருந்து வருகிறது என்பதில் இந்த வகைப் படங்களுக்கென்று ஒரு வழக்கம் இருப்பதாக எனக்குப் படுகிறது. 1993இல் மலையாளத்தில் வந்த மணிச்சித்திரத்தாழ் படத்தில் கேரளத்துத் தறவாடு எனும் பூர்வீக வீட்டில் அடைபட்டிருந்த நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட நாட்டியக்காரி. அவள் தமிழ்தான் பேசினாள். அதே கதை 2005இல் சந்திரமுகியாகத் தமிழுக்கு வந்தபோது, அவள் தெலுங்கு பேசுபவளாக மாறினாள். நம் வீட்டுப் பேய் நம் மொழியைப் பேசினால் அதனிடம் பேசித் தீர்த்துவிடலாம் என்று தோன்றிவிடும் போலும். அண்டை நாட்டிலிருந்து வந்தால்தான் அந்நியம் நிலைக்கும். அரண்மனை நான்காம் பாகம் அந்தத் தொலைவைப் பிரம்மபுத்திரா வரை நீட்டியிருக்கிறது. தஞ்சாவூர்க்காரனாக, நாகவல்லியின் மீது எனக்குத் தனி வாஞ்சை உண்டு என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

நான்காம் பாகத்தில் தமன்னா, இறந்த பின்னும் தன் குழந்தைகளைக் காக்கும் தாயாக வருகிறார். பேய்ப்படம் பார்க்க வந்தவர்கள் பேயின் பக்கம் நின்று, அது தோற்றுவிடக் கூடாதே என்று பதறியதை அன்றிரவு கண்டேன். எங்கள் வீட்டில் திருமணம் என்றால் முதலில் பூவாடைக்காரிக்குப் படைப்போம். குடும்பத்தில் வாழ்ந்து இறந்த பெண்ணை நினைத்துப் புதுச்சேலையும் பூவும் வைத்து, அவள் மனம் குளிர்ந்தாளா என்று பார்த்த பிறகே மற்றக் காரியம். இறந்தவள் குடும்பத்தை விட்டுப் போவதில்லை, அவளுக்கு உரியதைச் செய்தால் காப்பாள், மறந்தால் கோபிப்பாள் என்பது எங்களுக்குக் கதையாகத் தெரிவதில்லை. தமன்னாவின் பாத்திரம் அந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறது. தாலாட்டு ஒலித்த இடத்தில் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இறுதியில் குஷ்புவும் சிம்ரனும் ஆடும் அம்மன் பாட்டுக்கு, எங்கள் வரிசையில் இருந்த பெண்கள் பலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நான்கு படங்களிலும் எனக்குப் பிடிக்காதவை உண்டு. பெண்களின் நிறத்தையும் உடம்பையும் வைத்துச் செய்யும் கேலி ஒவ்வொரு பாகத்திலும் தலைகாட்டுகிறது. பேத்திக்குப் பத்து வயது. அந்த வசனங்கள் வரும்போது அவள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எங்கள் முகத்தைப் பார்த்தாள். முறை மாறக் கூடாது என்று வாதாடும் நானே, இந்த ஒன்றை மட்டும் அடுத்த முறை அடியோடு நீக்கிவிட வேண்டும் என்று கேட்கிறேன். அது முறையின் பகுதியே இல்லை. எடுத்துவிட்டால் யாரும் தேடமாட்டார்கள். வரைகலைக் காட்சிகளும் சில இடங்களில் கண்ணை உறுத்துகின்றன. கணினியில் செய்த பேயைவிட, தலைவிரி கோலமாகச் சுவரைப் பார்த்து நிற்கும் ஒரு பெண் பல மடங்கு அச்சம் தருகிறாள் என்பது முதல் பாகத்திலேயே தெரிந்த செய்தி.

முறையைக் கடைப்பிடித்தால் மட்டும் போதாது என்பதற்கு 2023இல் வந்த சந்திரமுகி இரண்டாம் பாகம் சான்று. அதே இயக்குநர் பி. வாசு, அதே மாளிகை, முருகேசனாக அதே வடிவேலு; எல்லாம் இருந்தும், முதல் படத்தில் பூட்டிய அறைக்கு முன் நம்மை நிறுத்தி வைத்த அந்தப் பொறுமை மட்டும் இல்லை. தூண் பிளப்பதைக் காட்டினார்கள். அதற்கு முன் இரணியன் கேள்வி கேட்க வேண்டும் என்பதை மறந்துவிட்டார்கள். ராகவா லாரன்ஸின் காஞ்சனா வரிசையில் 2011 படம் உயர்ந்து நிற்பதற்கும் காரணம் இதுவே. பேய்க்குப் பயந்து அம்மா முந்தானையைப் பிடித்துக்கொள்ளும் மகன் என்ற சிரிப்பை நிறைய வளர்த்துவிட்டு, சரத்குமார் ஏற்ற திருநங்கைப் பாத்திரத்தின் பின்கதையில் அதை முழுவதும் நிறுத்தி, உரிய மரியாதையோடு சொன்னார்கள். பின்னர் வந்த பாகங்களில் சிரிப்பும் கூச்சலும் அந்த மரியாதைக்கு இடம் விடவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த டிமான்ட்டி காலனி இரண்டாம் பாகம் முற்றிலும் வேறு வகை. கதையை அறிவோடு விரித்த நல்ல படம். எனினும் அதைப் பார்த்து வந்த இரவில் பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. முன்கூட்டிச் சொல்ல அவருக்கு அதில் எதுவும் இருக்கவில்லை.

கடைசியாக, எங்கே பார்ப்பது என்பது பற்றி. இந்த வகைப் படத்தில் பயம் பெரும்பாலும் காதின் வழியாகத்தான் வருகிறது. முதலில் பின்னணி இசையை நிறுத்துவார்கள்; ஒரு மரப்படியின் கிறீச்சொலியோ கொலுசின் ஒலியோ மட்டும் எங்கோ பின்னால் கேட்கும்; நாம் மூச்சை அடக்கி அதைத் தேடும்போது, எதிர்ப்பக்கத்திலிருந்து பெருஞ்சத்தம் விழும். கும்பகோணத்தில் நாங்கள் பார்த்த அந்தத் திரையரங்கில் பின்சுவர் ஒலிபெருக்கிகள் வேலை செய்யவில்லை. பேய் பின்னால் வரவேண்டிய இடங்களில் எல்லாம் திரைக்குள்ளிருந்தே வந்தது. இடைவேளையில் போய்ச் சொன்னேன். நாளைக்குச் சரிசெய்வதாகச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து மற்றோர் உறவினர் குடும்பம் போனபோதும் அப்படியே இருந்ததாம். வெகுதூரத்திலிருந்து பேருந்து பிடித்து, பிள்ளைகளோடு வந்து, முழுக் கட்டணம் கொடுத்துப் பார்ப்பவர்களுக்குப் பாதிப் பயத்தைக் கொடுத்து அனுப்புவது முறையாகாது.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு: தொலைக்காட்சியில் விளம்பர இடைவெளி சரியாகப் பேய் கதவுக்குப் பின்னால் வந்து நிற்கும்போதுதான் வருகிறது, கட்டி எழுப்பிய அமைதி அங்கேயே கலைந்துவிடும். ஆகவே இணையத் தளத்தில் இடையறாது பாருங்கள். முதல் பாகமும் நான்காம் பாகமும் கட்டாயம். இரண்டாம் பாகத்தைக் குடமுழுக்குக் காட்சிகளுக்காகவும், மூன்றாம் பாகத்தை விவேக்குக்காகவும் பார்க்கலாம். கூடத்தில் பாய் விரித்து, விளக்கை அணைத்து, பிள்ளைகளும் பெரியவர்களும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொள்ளுங்கள். முன்பே பார்த்தவர் ஒருவராவது இருந்தால் அவரை நடுவில் உட்காரவையுங்கள்.